பச்சை விளக்கு எரிஞ்சா போதுமா?

ரெண்டு மாசமா பதிவு எதுவும் போடலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதோட ஆணி புடுங்கற இடமும் மாறிப்போச்சு. ஏசி ரூம்ல உக்காந்து கோட் அடிச்சுக்கிட்டு இருந்தவனை, "நீ எழுதற சாஃப்ட்வேர் எங்க ஓடுதுன்னு ஒரு தடவையாவது போய்ப் பாரு"ன்னு வயக்காட்டுக்கு அனுப்பிட்டாங்க. அயோவா வயக்காடு. முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேறு. போயிட்டு வந்ததுலேர்ந்து ஒரு விஷயம் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. எழுதித் தீர்த்துடறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். டெக்னிக்கல்னாலே அலர்ஜி ஆகறவங்க நடுவுல நான் அசிங்கப்பட்ட கதை ஒண்ணு வருது, நேரா அங்க போயிடலாம் :-)

விஷயம் இதுதான். வயலுக்கு அடியில வடிகால் குழாய் புதைக்க இங்க இப்ப பெரும்பாலானவங்க செயற்கைக்கோளை நம்பறாங்க. திரையில பச்சை விளக்கு எரிஞ்சா டிராக்டரை ஓட்ட ஆரம்பிச்சுடறாங்க. அந்தப் பச்சை விளக்குக்கு என்ன அர்த்தம்னு ஓட்டறவருக்கும் தெரியலை, அதை எழுதின எங்களுக்கும் பாதிதான் தெரியுதுங்கறது என் குற்றச்சாட்டு. குற்றவாளிக் கூண்டுல நானும் நிக்கறேன்.

நம்ம ஊர் ஆளுங்களுக்கு முதல்ல ஒரு சந்தேகம் வரும். வயலுக்குத் தண்ணி கொண்டு வரத்தானே பாடுபடணும், எதுக்கு வடிக்கணும்? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அயோவாவோட வடக்கு-மத்தியப் பகுதி பனிப்பாறை தேய்ச்சு விட்டுட்டுப் போன நிலம். சப்பாத்திப் பலகை மாதிரி தட்டை. அங்கங்க கிண்ணம் கிண்ணமா பள்ளம். தண்ணி ஓடறதுக்கு இயற்கையா ஆறோ ஓடையோ சரியா உருவாகவே இல்லை. வசந்த காலத்துல மண்ணு ஊறிப்போய் கிடக்கும். மக்காச்சோளம் விதைக்க வேண்டிய நாள் வந்துடும், டிராக்டர் இறங்க முடியாது. இறங்கினாலும் வேருக்குக் காத்து கிடைக்காது. அதனால மூணு, நாலு அடி ஆழத்துல துளை போட்ட குழாய்களை வரிசை வரிசையாப் புதைச்சு, மண்ணுல இருக்கற அதிகப்படித் தண்ணியை வடிச்சு, ஒரு பெரிய குழாய்ல சேர்த்து ஓடையில விட்டுடறாங்க. 2017 விவசாயக் கணக்கெடுப்புப்படி அயோவாவுல மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் ஏக்கர் இப்படி வடிக்கப்படுது. அந்த ஊர்ல நாம கார்ல போறப்ப ரெண்டு பக்கமும் தெரியற சோளக்காடு பூராவும் ஒரு பிளம்பிங் வேலைக்கு மேல உக்காந்திருக்குன்னு வெச்சுக்கோங்க.

இந்தக் குழாய்க்கு இவங்க வெச்ச பேரு 'டைல்'. பாத்ரூம் டைல் இல்லை. ஆரம்பத்துல சுட்ட களிமண்ல ஒரு அடி நீளத்துக்குத் துண்டு துண்டா செஞ்சு, ஒண்ணு பக்கத்துல ஒண்ணா வெச்சுப் புதைச்சாங்க. நியூயார்க் மாநிலத்துல ஜெனீவாங்கற ஊர்ப் பக்கத்துல ஜான் ஜான்ஸ்டன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், 1835ல சொந்த ஊர்லேர்ந்து மாதிரி வரவழைச்சு, 1838ல இந்த ஓடுகளைப் புதைச்சார். அக்கம்பக்கத்துல எல்லாரும் 'இந்த ஆளு சட்டி பானையை மண்ணுல புதைக்கறான்'னு சிரிச்சாங்களாம். அப்புறம் அவர் விளைச்சலைப் பார்த்து அவங்களும் புதைச்சாங்க, அது வேற கதை. 1960களின் கடைசியில நெளிநெளியான பிளாஸ்டிக் குழாய் வந்துடுச்சு. களிமண் போயிடுச்சு, பேரு மட்டும் டைலாவே நிக்குது.

இப்ப முக்கியமான மேட்டருக்கு வருவோம். குழாய்ல பம்பு கிடையாது. தண்ணி தானா ஓடணும். அப்போ சரிவு வேணும். நிலமோ தட்டை. நாலு அங்குலக் குழாய்க்குப் பொதுவா எல்லாரும் சொல்ற குறைந்தபட்ச சரிவு 0.1 சதவீதம். அதாவது ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர். நூறு மீட்டர் போனா பத்து சென்டிமீட்டர். வீட்டு மொட்டை மாடியில மழைத்தண்ணி ஓட கொத்தனார் விடற வாட்டம்கூட இதைவிடப் பல மடங்கு அதிகம். அதுவும் டிராக்டர் பின்னாடி ஒரு பெரிய கலப்பையை மாட்டி, மண்ணைக் கிழிச்சுக்கிட்டே, நடந்து போற வேகத்துல, கண்ணுக்குத் தெரியாத ஆழத்துல இந்தச் சரிவைக் கொண்டு வரணும். நடுவுல ஒரு இடத்துல குழாய் தொப்பை போட்டா அங்க தண்ணி நிக்கும். நின்ன தண்ணியில வண்டல் படியும். வண்டல் படிஞ்சா குழாய் சுருங்கும். இதெல்லாம் நடக்க அஞ்சு வருஷமும் ஆகலாம், பதினஞ்சு வருஷமும் ஆகலாம். அதுக்குள்ள காண்ட்ராக்டர் ரிட்டயர் ஆகியிருப்பார். சாஃப்ட்வேர் எழுதினவன் நாலு கம்பெனி மாறியிருப்பான், ஹி ஹி.

போன வாரம் ஆபீஸ்ல ஒரு நண்பன் கேட்டான், "மச்சி, என் செல்போன்லயே ஜி.பி.எஸ் இருக்கு, அது போதாதா?" போதாதுடா ராசா. செயற்கைக்கோள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது. அங்கேர்ந்து வர்ற சிக்னல் எவ்வளவு நேரத்துல வந்துச்சுன்னு கணக்குப் போட்டுத்தான் தூரம் தெரிஞ்சுக்கறோம். 2000 மே மாசம் வரைக்கும் அமெரிக்க ராணுவமே வேணும்னே அதுல பிழை சேர்த்து வெச்சிருந்தது. அதை நிறுத்தின பிறகும் அயனமண்டலம், காத்துல இருக்கற ஈரம், செயற்கைக்கோள் கடிகாரம்னு எல்லாம் சேர்ந்து சில மீட்டர் தப்பு வரத்தான் செய்யுது. டாக்ஸிக்காரருக்கு அது போதும். தெருமுனைக்கு வந்து போன் பண்ணிடுவார்.

ஆர்.டி.கே.ங்கற வித்தை இங்கதான் வருது. ஐடியா ரொம்ப சிம்பிள், கேட்டா 'அட!'ன்னு இருக்கும். வயல் ஓரத்துல ஒரு ரிசீவரை ஆடாம அசையாம நிறுத்தி வெச்சிடுங்க. அது இருக்கற இடம் நமக்குத் தெரியும். அதே செயற்கைக்கோள்களை அதுவும் பார்க்குது, கலப்பை மேல இருக்கற ரிசீவரும் பார்க்குது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கறதால வானத்துல ஏற்படற தப்பு ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். நிக்கறது தன்னோட அளவுகளை ரேடியோவுல அனுப்பும், ஓடறது அதை வெச்சு தன் தப்பைக் கழிச்சுக்கும். பரீட்சையில பக்கத்துல இருக்கறவன் பேப்பரைப் பார்த்துத் திருத்திக்கற மாதிரி. ஒரே வித்தியாசம், அவன் விடை சரிதான்னு நமக்கு முன்னாடியே தெரியும். தெரியும்னு நினைக்கறோம். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருது.

இன்னொரு தந்திரமும் இருக்கு. சாதாரண ஜி.பி.எஸ் சிக்னல் மேல ஏத்தி விட்டிருக்கற குறியீட்டை மட்டும் அளக்குது. அதுல ஒரு துண்டோட நீளம் சுமார் 293 மீட்டர். ஆர்.டி.கே. அந்த அலையையே அளக்குது. அலைநீளம் 19 சென்டிமீட்டர். அடிக்குச்சியை விட்டுட்டு சென்டிமீட்டர் ஸ்கேலை எடுக்கற மாதிரி. ஆனா எத்தனை முழு அலை நடுவுல இருக்குன்னு ஸ்கேல் சொல்லாது, அதை சாஃப்ட்வேர் யூகிச்சுத் தேடிக் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சுட்டா 'ஃபிக்ஸ்', பச்சை. இன்னும் தேடிக்கிட்டு இருந்தா 'ஃப்ளோட்', மஞ்சள். பச்சை விளக்கோட ஜாதகம் இவ்வளவுதான்.

ரிசீவர் கம்பெனிகள் பொதுவா போடற கணக்கு: கிடைமட்டத்துல 1 சென்டிமீட்டர், உயரத்துல 2 சென்டிமீட்டர், பேஸ்லேர்ந்து தூரம் போகப் போக கிலோமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் கூடுதல். உயரம் ஏன் மோசம்? செயற்கைக்கோள் எல்லாம் தலைக்கு மேலதான் இருக்கு. நாலு பக்கமும் சுத்தி இருக்கறதால கிழக்கு மேற்குத் தப்பு ஒண்ணை ஒண்ணு சரி பண்ணிக்கும். கீழேர்ந்து பார்க்க யாரும் இல்லை. பூமி மறைச்சுடுது. விதைக்கற டிராக்டருக்கு கிடைமட்டம்தான் தேவை, உயரம் பத்தி அதுக்குக் கவலையே இல்லை. டைல் போடறவருக்கோ உயரம்தான் உயிர். எந்த அளவுல இந்தத் தொழில்நுட்பம் பலவீனமோ அதே அளவுலதான் இவரோட மொத்த வேலையும் நிக்குது. விற்பனைக்கு வர்றவங்க இந்த வித்தியாசத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'சென்டிமீட்டர் துல்லியம்'னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க.

இப்ப ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. பத்து மீட்டருக்குச் சரிவு ஒரு சென்டிமீட்டர். அளவுல ஆட்டம் ரெண்டு சென்டிமீட்டர். கணக்குப் பார்த்தா தண்ணி பின்னாடி ஓடணுமே? எனக்கும் முதல்ல தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆனா நடைமுறையில அப்படி ஆகறதில்லை, ஏன்னா அந்த ரெண்டு சென்டிமீட்டர் ஒவ்வொரு விநாடியும் மேலயும் கீழயும் குதிக்கற ரெண்டு சென்டிமீட்டர் இல்லை. பெரும்பகுதி நிமிஷக்கணக்குல மெதுவா நகர்ற தப்பு. கலப்பை அதுக்குள்ள நூத்துக்கணக்கான மீட்டர் தாண்டிடும். நானூறு மீட்டர் லைன்ல மொத்தச் சரிவு நாற்பது சென்டிமீட்டர், அதுல ஒண்ணு ரெண்டு கூடக் குறைய இருந்தா தண்ணிக்குத் தெரியாது. மிச்சமிருக்கற சின்னச் சின்னக் குதியலைக் கலப்பையோட எடையும் நீளமும் விழுங்கிடும். டன் கணக்குல இரும்பு, சட்டுனு ஆழம் மாத்தாது. நாங்க எழுதற ஃபில்டரைவிட அந்த இரும்பு நல்ல ஃபில்டர்.

ஆபத்து எங்கன்னா படிக்கட்டு மாதிரி திடீர்னு மாறற தப்புல. மரத்தோரம் போறப்ப ரெண்டு செயற்கைக்கோள் மறைஞ்சு பச்சை மஞ்சளாகி, மறுபடி பச்சையாகறப்ப அலை எண்ணிக்கையைத் தப்பா பிடிச்சுடும். விளக்கு பச்சைதான். உயரம் பத்து சென்டிமீட்டர் தள்ளி நிக்கும். சில நொடிகள்லேர்ந்து நிமிஷங்கள் வரைக்கும் தன் பொய்யை நம்பிக்கிட்டே ஓடும். அப்புறம் தானே திருத்திக்கும். மண்ணுக்கு அடியில அந்தப் படிக்கட்டு மட்டும் நிரந்தரமா இருக்கும்.

நான் போன இடத்துல காண்ட்ராக்டர் ஒரு பெரியவர். அறுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். என் பேரு வாயில நுழையாததால 'கிட்'னுதான் கூப்பிடுவார். லேசர் காலத்து ஆள். லேசர்னா வயல்ல ஒரு முக்காலி மேல சுழல்ற லேசரை வெச்சு, வயல் பூரா ஒரு கண்ணுக்குத் தெரியாத சாய்ஞ்ச தட்டை விரிச்சுடுவாங்க. கலப்பை அந்தத் தட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடும். இதையும் இந்தக் குழாய் புதைக்கறதுக்குன்னே 1960களின் பிற்பகுதியில ஒஹையோவுல பழக்கத்துக்குக் கொண்டு வந்தாங்க. "லேசர் தப்பு பண்ணா வண்டி நின்னுடும். இது தப்பு பண்ணா சிரிச்சுக்கிட்டே ஓடும்"னார். இதைவிட நல்ல விமர்சனம் எந்த ஜர்னல்லயும் நான் படிச்சதில்லை.

அதுக்காக லேசருக்குத் திரும்பிப் போகணும்னு நான் சொல்லலை. லேசர்ல காத்து அடிச்சா முக்காலி ஆடும், மத்தியானம் வெயில்ல கதிர் நெளியும், சேத்துல ஒரு கால் இறங்கினா மொத்தத் தட்டும் சாயும், அதுவும் சிரிச்சுக்கிட்டேதான். எல்லாத்துக்கும் மேல, ஒரு தட்டுக்கு ஒரு சரிவுதான். நிலம் நடுவுல மாறினா கையால கணக்குப் போடணும். ஆர்.டி.கே.யில முதல்ல மேல் தரையை ஒரு ஓட்டம் ஓட்டி அளந்துடலாம். குறைஞ்ச ஆழம் இவ்வளவு, அதிக ஆழம் இவ்வளவு, சரிவு இதுக்குக் கீழ போகக்கூடாதுன்னு சொல்லிட்டா, இடத்துக்கு இடம் மாறற ஒரு பாதையை சாஃப்ட்வேரே வரைஞ்சு கொடுக்கும். இது பெரிய வசதி. பெரியவரும் ஒத்துக்கிட்டார், கொஞ்சம் முனகிக்கிட்டே.

சரி, அசிங்கப்பட்ட கதைக்கு வருவோம்.

முதல் நாள் பெரிய குழாயையும் சில கிளைகளையும் போட்டாச்சு. பேஸ் ஸ்டேஷனை வயல் ஓரத்துல அடிச்ச ஒரு இரும்புக் கம்பிக்கு மேல முக்காலியில நிறுத்தியிருந்தாங்க. சாயங்காலம் கழட்டி வண்டியில போட்டுட்டுப் போயாச்சு. ரெண்டாம் நாள் காலையில அதே கம்பி மேல மறுபடி நிறுத்தினாங்க. முக்காலி தினமும் ஒரே உயரத்துல நிக்காது இல்லையா, அதனால கம்பியிலேர்ந்து ஆன்டெனா வரைக்கும் அளந்து திரையில ஒரு பெட்டியில போடணும். சர்வே வேலைக்குன்னு அடியைப் பத்தா பிரிச்ச டேப் ஒண்ணு உண்டு. அது அன்னிக்கு வேற வண்டியில போயிடுச்சு. தச்சர் வெச்சிருக்கற அங்குல டேப்பால அளந்தாங்க. 5 அடி 9 அங்குலம். பெட்டியில 5.9ன்னு போட்டாங்க.

5 அடி 9 அங்குலம்னா 5.75 அடி. வித்தியாசம் 0.15 அடி, அதாவது 4.6 சென்டிமீட்டர்.

பேஸ் தன்னை 4.6 சென்டிமீட்டர் உசரமா நினைச்சுக்கிச்சு. அதோட பேப்பரைப் பார்த்து எழுதின கலப்பையும் தன்னை அவ்வளவு உசரம்னு நினைச்சு, அவ்வளவு ஆழமா இறங்கி வேலை பார்த்துச்சு. திரையில எல்லாமே பச்சை. பதினாறு செயற்கைக்கோள். உயரப் பிழை ஒண்ணரை சென்டிமீட்டர்னு போட்டிருக்கு. அது பொய்யும் இல்லை. பேஸுக்கும் கலப்பைக்கும் நடுவுல இருக்கற உயர வித்தியாசம் நிஜமாவே அவ்வளவு துல்லியமாத்தான் தெரிஞ்சுது. பேஸ் எங்க இருக்குங்கறதுதான் தப்பு. திருத்தம் கொடுக்கறவனை யாரு திருத்துவாங்க?

நாலே முக்கா சென்டிமீட்டர்கூட இல்லையே, இதுல என்ன ஆயிடும்னு கேக்கறீங்களா? கிளைக்குழாய் பெரிய குழாய்ல சேர்ற இடம் முதல் நாளே முடிஞ்சது, சரியான உயரத்துல இருக்கு. அங்க தோண்டின குழியிலேர்ந்து கலப்பை கிளம்பின உடனே 4.6 சென்டிமீட்டர் கீழ இறங்கி, அப்புறம் ஆயிரத்துக்கு ஒண்ணுங்கற கணக்குல ஏறிக்கிட்டே போகுது. சேர்ற இடத்தோட உயரத்தை மறுபடி எட்டறதுக்கு எவ்வளவு தூரம் வேணும்? 46 மீட்டர். பத்து சென்டிமீட்டர் குழாய்ல ஆரம்பத்துல பாதி அளவுக்குத் தண்ணி, 46 மீட்டருக்கு நின்னுக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு கிளையிலயும். வெளியேர்ந்து மண்வெட்டியால ஆழம் பார்த்தாலும் பிடிபடாது, உழுத நிலத்தோட மேடு பள்ளமே அதைவிட ஜாஸ்தி.

மூணு கிளை முடிஞ்சு மத்தியானம் சாப்பாட்டு நேரம். பெரியவர் சாண்ட்விச்சைக் கையில வெச்சுக்கிட்டே, தண்ணி வெளியேறற இடத்துல இருக்கற கான்கிரீட் சுவர்ல அவர் அடிச்சு வெச்ச ஒரு ஆணிக்குப் போனார். முதல் நாள் அந்த ஆணியோட உயரத்தை ஒரு அட்டையில பென்சில்ல எழுதி வெச்சிருந்தார். ரிசீவர் மாட்டின கம்பை அதுமேல வெச்சுப் பார்த்தார். 0.15 அடி கூட. சாண்ட்விச்சைக் கீழ வெச்சார். என்னைப் பார்த்து, "கிட், இந்தப் பெட்டியில அடியா, அங்குலமா?"ன்னார்.

அந்தப் பெட்டியை எழுதினது நான்தான். அவ்வ்வ்.

'ஆன்டெனா உயரம்'னு ஒரு தலைப்பு, அதுக்குக் கீழ ஒரு கட்டம். பக்கத்துல 'அடி'ன்னு குட்டியா. அவ்வளவுதான். எனக்கு வந்த ஸ்பெக்ல அப்படித்தான் இருந்துச்சு, நானும் அப்படியே போட்டேன். வயல்ல ஒரு ஆள் குளிருக்குக் கையுறை போட்டுக்கிட்டு, எந்த டேப் கையில கிடைக்குதோ அதால அளந்து, அவசரத்துல போடுவார்னு எனக்கு யாரும் சொல்லலை. நானும் கேக்கலை. அதிர்ஷ்டவசமா பெரிய குழாய் நல்ல விட்டம். கிளைகளை அதோட தலையில சேர்க்கறதா திட்டம், அதை மாத்திப் பக்கவாட்டுல கொஞ்சம் கீழ துளை போட்டுச் சேர்த்துட்டாங்க. மூணு இடத்துலயும் மறுபடி தோண்டி முடிக்கறதுக்குள்ள அரை நாள் போச்சு. மழைக்கு முன்னாடி முடிக்க வேண்டிய வேலை. பெரியவர் திட்டவே இல்லை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஆபீஸ்ல வந்து சொன்னேன். அதே செல்போன் நண்பன், "யூசர் மிஸ்டேக்டா மச்சி, மேனுவல்ல தெளிவா எழுதியிருக்கு"ன்னான். எனக்கு இந்த 'யூசர் மிஸ்டேக்'ங்கற வார்த்தை மேலயே கோவம் வருது. செயற்கைக்கோள் கடிகாரத்துல நானோ விநாடி தப்பு வந்தா அதைப் பிடிக்க ஆயிரக்கணக்கான வரி கோட் எழுதறோம். அடிக்கும் அங்குலத்துக்கும் நடுவுல 4.6 சென்டிமீட்டர் நழுவினா அது யூசர் தலையெழுத்தா? மொத்த அமைப்புலயே பெரிய தப்பு எங்க நடக்குமோ அங்கதான் நாங்க சோதனையே வைக்கலை. ஏன்னா அது சுவாரசியமான பிரச்சினை இல்லை. கணக்கு இல்லை, ஃபில்டர் இல்லை. ஒரு கட்டம், அவ்வளவுதான்.

என் கருத்து என்னன்னா, பச்சை விளக்கு எரியறதுக்கு முன்னாடி வண்டி ஒரு தெரிஞ்ச புள்ளியைத் தொட்டே ஆகணும். பெரியவரோட ஆணி. தினமும் காலையில, பேஸை அசைச்சா உடனே, மரத்தோரம் மஞ்சளாகிப் பச்சையானா மறுபடியும். நேத்து அந்த ஆணியோட உயரம் இவ்வளவு, இன்னிக்கு இவ்வளவுன்னு திரை காட்டணும். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா கலப்பை இறங்கவே கூடாது. தொந்தரவுன்னு சொல்வாங்க. மூணு நிமிஷம் ஆகும். அம்பது வருஷம் மண்ணுக்குள்ள இருக்கப்போற பொருளுக்கு மூணு நிமிஷம். விமானி கிளம்பறதுக்கு முன்னாடி பட்டியல் பார்க்கறதைத் தொந்தரவுன்னு யாராவது சொல்றாங்களா?

திருத்தத்தை எங்கேர்ந்து வாங்கறதுங்கறதுலயும் எனக்கு ஒரு கட்சி உண்டு. அயோவா மாநிலப் போக்குவரத்துத் துறை 2009லேர்ந்து மாநிலம் முழுக்க நிரந்தர ரிசீவர்களை வெச்சு, செல்போன் இணைப்பு வழியா ஆர்.டி.கே. திருத்தத்தை இலவசமாத் தருது. பதிவு பண்ணிக்கிட்டா போதும். ரோடு போடறவங்களுக்காக ஆரம்பிச்சது, விவசாயிக்கும் கிடைக்குது. இதே திருத்தத்தை வருஷ சந்தா கட்டி வாங்கறவங்களும் நிறைய. தெருவிளக்கு மாதிரி பொதுவா இருக்க வேண்டிய விஷயம் இதுன்னு நினைக்கறேன். செயற்கைக்கோள் வரிப்பணத்துல ஓடுது, கடைசி சில சென்டிமீட்டருக்கு மட்டும் எதுக்குப் பூட்டு? ஆனா ஒண்ணு, உயரம் முக்கியமான டைல் வேலைக்கு வயல்லயே சொந்த பேஸ் வெச்சுக்கறது நல்லதுன்னு பெரியவர் சொல்றதை நானும் ஒத்துக்கறேன். தூரம் குறைவு, செல்போன் டவரை நம்ப வேண்டியதில்லை. பொது நெட்வொர்க்கை அந்த ஆணியைச் சரிபார்க்கற ரெண்டாவது சாட்சியா வெச்சுக்கலாம். ஒருத்தன் பேப்பரை மட்டும் பார்த்துக் காப்பியடிக்காம ரெண்டு பேர் பேப்பரைப் பார்க்கற மாதிரி.

எந்தத் திருத்தமும் வேலைக்கு ஆகாத நாளும் வரும். 2024 மே 10ம் தேதி பெரிய சூரியப் புயல் அடிச்சப்போ, அமெரிக்காவோட நடுப்பகுதியில விதைப்பு உச்சத்துல இருந்துச்சு. தெற்குப் பக்க மாநிலங்கள்லகூட ராத்திரி வானம் கலர் கலரா ஜொலிச்சதுன்னு எல்லாரும் போட்டோ போட்டுக்கிட்டு இருந்தாங்க. அதே நேரத்துல ஆர்.டி.கே. குழம்பிப் போய் நிறைய விவசாயிகள் டிராக்டரை நிறுத்திட்டு உக்காந்திருந்தாங்க. அயனமண்டலம் பேஸுக்கு ஒரு மாதிரியும் டிராக்டருக்கு ஒரு மாதிரியும் தெரிஞ்சா இந்த வித்தையோட அடிப்படையே ஆட்டம் கண்டுடும். அன்னிக்கு நின்னவங்க புத்திசாலிங்க.

இன்னொரு விஷயம், இதைப்பத்தி யாருமே பேசறதில்லை. நான் போன வயல்ல பழைய களிமண் டைல் இருக்கு. எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது. தாத்தா போட்டது, அவரோட வரைபடம் அவர் தலையிலயே இருந்துச்சு, அவரோட போயிடுச்சு. புதுக்குழாய் போடறப்போ கலப்பை அதைக் கிழிச்ச பிறகுதான் தெரியுது, குழியில தண்ணி பொங்கறப்போ. ஆர்.டி.கே.யால போடற ஒவ்வொரு குழாயும் எங்க, எந்த உயரத்துல போச்சுன்னு மெஷினுக்குத் தெரியும். வரைபடம் சும்மா ஓசியில கிடைக்குது. என்னைக் கேட்டா துல்லியத்தைவிட இதுதான் பெரிய லாபம். ஆனா அந்த வரைபடம் எங்க போகுது? கம்பெனிக்கு ஒரு ஃபைல் வடிவம், சாஃப்ட்வேர் மாறினா திறக்காது. காண்ட்ராக்டர் லேப்டாப்ல கிடக்கும். விவசாயி கையில ஒரு கலர் பிரிண்ட் அவுட் கொடுப்பாங்க, அதுல உயரமே இருக்காது. இருந்தாலும் எதை வெச்சு அளந்த உயரம்னு இருக்காது. அமெரிக்காவுல இப்ப இருக்கற உயர அளவை 1988ம் வருஷத்துப் பேரைத் தாங்கி நிக்குது. அதுக்குப் பதிலா புதுசு ஒண்ணை இங்க இருக்கற தேசிய புவியளவைத் துறை உருவாக்கியிருக்கு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தோட ஒப்பிட்டா நம்ம 4.6 சென்டிமீட்டர் ஒண்ணுமே இல்லை. பேஸ் நின்ன இடம், அதோட உயரம், எந்த அளவை, ஆன்டெனா எவ்வளவு உசரம்னு நாலு வரி அந்த ஃபைல்ல சேர்த்து, எதுலயும் திறக்கற சாதா எழுத்துக் கோப்பா விவசாயி கிட்ட கொடுத்துடணும். அவரோட பேரன் திறந்து பார்க்கணும் இல்லையா?

இந்த இடத்துல ஒரு குற்ற உணர்ச்சியையும் சொல்லிடறேன். நான் குடியிருக்கறது டெ மாய்ன்ல. இந்தக் குழாய்கள்லேர்ந்து வர்ற தண்ணியில நைட்ரேட்டும் சேர்ந்து வருது, அந்த ஆறுகள்லேர்ந்துதான் எங்க குடிநீர். லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரஜனுக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டம். அதைப் பிரிச்செடுக்கன்னே 1990களின் ஆரம்பத்துலேர்ந்து தனி ஆலை ஓட்டறாங்க. 2015ல ஊர்க் குடிநீர் வாரியம் மேல இருக்கற மூணு மாவட்டங்களோட வடிகால் அமைப்புகள் மேல வழக்கே போட்டுச்சு. 2017ல தள்ளுபடி ஆச்சு. 2025 ஜூன்ல நைட்ரேட் அளவு ஏறிப்போய் புல்தரைக்குத் தண்ணி விடவே தடை போட்டாங்க. டைல் போடறதை எளிசாக்கற சாஃப்ட்வேரைப் பகல்ல எழுதிட்டு, ராத்திரி குழாயைத் திறந்து அந்தத் தண்ணியைக் குடிக்கறேன். ரெண்டும் ஒரே பைப்லைன்.

தீர்வே இல்லாமலும் இல்லை. குழாய் வாயில ஒரு கதவு வெச்சு, தேவையில்லாத மாசங்கள்ல தண்ணியை மண்ணுலயே தேக்கி வைக்கலாம். ஓடைக்கரையில குழாயைத் திருப்பி, புல்லும் வேரும் இருக்கற மண்ணு வழியா கசிய விடலாம். 2010ல அயோவாவுலயே இதை முதல்ல செஞ்சு பார்த்தாங்க, நைட்ரேட்டை மண்ணுல இருக்கற நுண்ணுயிர்கள் தின்னுடுது. ரெண்டுக்குமே எந்தக் குழாய் எந்த உயரத்துல இருக்குன்னு சரியாத் தெரியணும். நான் மேல சொன்ன அந்த நாலு வரி இங்கயும் உதவும். அதனாலதான் இவ்வளவு கத்தறேன்.

அந்தக் கட்டத்தை மாத்தியாச்சு. அடிக்கு ஒண்ணு, அங்குலத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு கட்டம். புள்ளி வெச்சுப் போட்டா எந்த டேப்னு கேக்கும். ஆணி சோதனைக்கு மட்டும் மேனேஜர் இன்னும் தலையாட்டலை. 'கஸ்டமர் யாரும் கேக்கலையே'ங்கறார். அடுத்த வாரம் பெரியவரையே ஒரு மெயில் போடச் சொல்லியிருக்கேன். "நீ எழுதிக் கொடு கிட், நான் கையெழுத்துப் போடறேன்"ன்னுட்டார்.

பி.கு.: நம்ம ஊர்ல இதெல்லாம் உண்டான்னு கேக்கப்போறீங்க. நெல்லுக்குத் தண்ணி நிக்கணும், அதனால டெல்டா பக்கம் இந்தக் கதை அப்படியே பொருந்தாது. ஆனா ஹரியானாவுல உவர் ஏறின நிலத்துக்கு அடியில இதே மாதிரி குழாய் போட்டு உப்பை வடிச்சிருக்காங்க, கர்னால்ல இருக்கற மண் உவர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இதுல நிறைய வேலை செஞ்சிருக்கு. அந்தப் பக்கம் வேலை பார்த்தவங்க, பார்த்தவங்களைத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அங்க ஆணி அடிக்கறாங்களா இல்லையான்னு தெரிஞ்சுக்கணும்.